தவம் இருப்பவனுக்கு எல்லை வேண்டும்
(கனகசெட்டிக்குளத்தில் ஞாயிறு பணிவிடைக்குப் பின் ஆற்றிய அருளுரை)

உச்சிப்படிப்பு முடிந்துவிட்டது. இனிமம் கைக்கு வரும் நேரத்தில் நீண்ட பேச்சு யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் இன்றைக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடந்த சில வாரங்களாக நம் மக்கள் தனித்தனியே வந்து கேட்பது ஒரே கேள்வியைத்தான். ஒரு தாய் கேட்கிறார்: "மகன் குடியை விட்டு நாற்பது நாள் ஆச்சுங்க. ஆனா மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு ஒரே பிடியா நிக்கிறான். சொந்தபந்தத்தை ஒதுக்குறது தருமமா?" குடியை விட்ட அன்பர் ஒருவர் கேட்கிறார்: "பழைய கூட்டாளி அவசரம்னு பணம் கேட்டு வந்தான். இல்லைன்னு அனுப்பிட்டேன். ராத்திரி பூரா தூக்கமே இல்லை. கேட்டவனுக்கு இல்லைன்னு சொல்லலாமா?"

இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் இருக்கும் பயம் ஒன்றுதான். 'வேண்டாம்' என்று சொன்னால் அது தருமத்துக்கு விரோதம் ஆகிவிடுமோ என்கிற பயம். குடியையோ கஞ்சாவையோ விட்டு முதல் ஓராண்டுக்குள் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. முகம் முறித்துப் பேசக் கூச்சப்பட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய், அங்கே பந்தலுக்குப் பின்னால் மறுபடி விழுந்தவர்கள் நம் கண் முன்னாலேயே இருக்கிறார்கள்.

நாம் நிற்கும் இடத்தை முதலில் பாருங்கள். கனகசெட்டிக்குளம் எல்லை ஊர். கிழக்கே கடல். வடக்கே மரக்காணம் சாலையில் போனால் தமிழ்நாடு. தெற்கே புதுச்சேரி நகரத்துக்குப் போவதென்றாலும் நடுவில் கோட்டக்குப்பத்தைத் தாண்ட வேண்டும், அதுவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் விழுந்த கோடுகள் இவை. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது; கோடு அப்படியே நின்றது. 1948 முதல் 1971 வரை தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலத்திலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் கடை திறந்தே இருந்தது. இந்தப் பக்கம் வரி குறைவு, விலை குறைவு என்பதால் அந்தப் பக்கத்து மக்கள் கோட்டைத் தாண்டி வந்து பழகிவிட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கடையைக் கூடப் பார்க்காமல் வேலைக்குப் போய்வர வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்தச் சாலையில்தான், நமக்கு வடக்கே, 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மீனவக் குடும்பங்களில் ஒரே நாளில் பாடை கட்டினார்கள். அதை நாம் மறந்திருக்க முடியாது. ஆக, குடியை விட்ட ஒருவர் இந்த ஊரில் தெளிந்த மனத்தோடு ஒரு வாரம் இருக்கிறார் என்றால், மலைக்குப் போய்த் தவம் இருப்பவரை விடக் கடினமான தவம் அது என்பது என் எண்ணம். மலையில் யாரும் குவார்ட்டர் பாட்டிலை நீட்ட மாட்டார்கள்.

தவம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு எல்லை வேண்டும் என்றும் சொல்லப் போகிறேன். உடனே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும், எழத்தான் வேண்டும். 'எல்லைகளை உடைக்க வந்தவர் அல்லவா நம் அய்யா? அவருடைய மக்களைப் பார்த்து எல்லை போடு என்கிறீர்களே?'

நியாயமான கேள்வி. திருவிதாங்கூரில் நம் முன்னோர் மீது எத்தனை எல்லைகள் போட்டிருந்தார்கள்! நம்பூதிரியிடமிருந்து 36 எட்டுத் தள்ளி நிற்க வேண்டும். தலையில் பாகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, பெண்கள் தோளில் சேலை போடக் கூடாது, பொதுக் கிணற்றில் வாளி இறக்கக் கூடாது. அய்யா இவற்றையெல்லாம் உடைத்தார். தலைப்பாகை கட்டச் சொன்னார். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார். சிங்காரத்தோப்புச் சிறையில் இருந்தபோது, உன் சாதியாரோடு மட்டும் பழகுவேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்கள். அந்த ஓலையை அவர் ஏற்கவில்லை.

அதே அய்யா தமக்குத் தாமே என்ன செய்துகொண்டார்? கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, அதாவது 1833-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்து வந்தவர், தெச்சணத்தில் தவத்துக்கு அமர்ந்தார். ஆறு ஆண்டுத் தவம், இரண்டிரண்டு ஆண்டாக மூன்று தவம். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டு தரை மட்டத்தில். கடைசி இரண்டு ஆண்டுதான் உயர்ந்த பீடத்தில்.

இந்த வரிசையை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். ஆனால் நின்று யோசித்ததில்லை. வைகுண்டராய் அவதரித்து வந்தவரே எடுத்த எடுப்பில் பீடத்தில் ஏறி உட்காரவில்லை. நாலு பக்கமும் மண் சுவர் உள்ள குழிக்குள் முதலில் இறங்கினார். ஊரார் திணித்த எல்லையை உடைத்தவர், தாமாக ஓர் எல்லையைத் தம்மைச் சுற்றி வெட்டிக்கொண்டார். முதல் எல்லை ஒருவனைக் கீழே அமுக்கி வைக்கப் போட்டது. அடுத்த எல்லை ஒருவன் தன்னைத் தேற்றிக்கொண்டு எழுவதற்காகத் தானே வெட்டிக்கொண்டது. இரண்டுக்கும் எல்லை என்ற ஒரே பெயர் இருப்பதால் நாம் குழம்பிப் போகிறோம்.

குடியை விட்டவனுக்கு முதல் ஓராண்டு குழித்தவம். அந்தக் காலத்தில் அவனைப் பீடத்தில் ஏற்றவும் கூடாது, சந்தைக்கு இழுக்கவும் கூடாது.

குழிக்குள் நடப்பது என்ன என்று வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுக் கணக்கில் தினமும் குடித்தவர் ஒரு நாள் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத ஆட்கள் எதிரே நிற்பது போலத் தெரியும், இல்லாத குரல் கேட்கும். பேய் பிடித்தது என்று யாரிடமும் கூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். உயிருக்கே ஆபத்தான நேரம் அது. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் கடைகள் அடைத்துக் கிடந்தபோது, நிறையக் குடும்பங்கள் இதைத் திடீரென்று வீட்டுக்குள்ளேயே பார்த்தன. நமக்கு ஜிப்மர் பக்கத்தில் இருக்கிறது. மனநலப் பிரிவும் அங்கே இருக்கிறது. 'அய்யாவை நம்பி வீட்டிலேயே நிறுத்துகிறேன்' என்று யாராவது சொன்னால், பதம் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு நேராக ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சண்டை கிடையாது.

அந்த மூன்று நாள் தாண்டியதும் வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அவனுக்குத் தவம் அப்போதுதான் தொடங்குகிறது. உடம்பிலிருந்து சாராயம் இறங்கிவிட்டது. மனம் இன்னும் தேறவில்லை. தூக்கம் வாரக் கணக்கில் சரியாக வராது. காரணம் இல்லாமல் அழுகை வரும், அற்பத்துக்குக் கோபம் வரும். இத்தனை வருஷம் குடித்துக் குடித்து மரத்துப் போயிருந்த வெட்கம், குற்ற உணர்ச்சி, கடன் நினைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலில் ஒன்று கூடினாலே குடி நினைப்பு எழும்பும் என்று இந்த நோயைக் கையாள்பவர்கள் சொல்வார்கள். எழும்பும் நினைப்பு கடல் அலை போல ஏறி, அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். அந்த அரை மணி நேரம் அவன் எங்கே நிற்கிறான், யாரோடு நிற்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லை வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். எழுநூறு குடும்பத்தாரை அய்யா அவரவர் வீட்டிலேயே இருந்து தவசு செய்யச் சொல்லவில்லை. ஊரை விட்டு, தொழிலை விட்டு, வாகைப்பதிக்கும் முட்டப்பதிக்கும் போகச் சொன்னார். நாளுக்கு மூன்று வேளை குளியல், மூன்று வேளை துணி துவைத்தல், பச்சரிசியும் சிறுபயறுமாக ஒரு வேளைச் சோறு. இடத்துக்கு எல்லை, நேரத்துக்கு எல்லை, வாய்க்கு எல்லை. துவைத்த துணியை ஈரத்தோடு யாரும் புழுதியில் விரிப்பதில்லை. காயும் வரை கொடியில்தான் கிடக்கும். குடியை விட்ட மனம் அந்த ஈரத் துணி. நேற்று வரை படியாத தூசி இன்றைக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். தாயே, மகன் வராமல் இருக்கட்டும். அவன் சொந்தத்தை அறுக்கவில்லை. கல்யாண வீட்டில் இரவு சாப்பாட்டுக்குப் பின் மாடியில் என்ன நடக்கும் என்று உங்களை விட அவனுக்கு நன்றாகத் தெரியும். 'ஒரே ஒரு நாள், மாமனுக்காக' என்று யார் யார் கையைப் பிடித்து இழுப்பார்கள் என்றும் அவனுக்குத் தெரியும். மொய்யை நீங்கள் கொண்டுபோய் வையுங்கள். "அவனுக்கு உடம்பு தேறி வருது, மருந்து சாப்பிடுறான்" என்று ஒரே வரி சொல்லுங்கள்; அது பொய்யும் இல்லை. அவனே போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், தாலி கட்டும் நேரத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெயில் இறங்குமுன் திரும்பிவிட வேண்டும். விஷயம் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். திரும்பி வரும் வண்டி அவர் கையில் இருக்க வேண்டும்.

வெயிலாள் அம்மையை நினையுங்கள். கடலுக்குள் போன மகன் மூன்றாம் நாள் எழுந்து வந்தபோது, மகனே என்று தழுவ ஓடி வந்தார். இருபத்து நாலு ஆண்டு உன் மகனாக இருந்தவன் இல்லை இப்போது வந்திருப்பவன் என்ற பொருளில் அய்யா விலகி நின்றார் என்று அகிலத்திரட்டில் கேட்கிறோம். அந்தத் தாயின் மனம் எப்படித் துடித்திருக்கும்! ஏடு வாசிக்கும்போது அந்த இடத்தில் கண் கலங்காத பெண்களை நான் பார்த்ததில்லை. அய்யாவின் நிலையோடு நம் பிள்ளைகளை ஒப்பிடுவது தகாது. அது தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் ஒருவன் பழைய ஆளாக இல்லாமல் எழுந்து வரும்போது, பெற்றவள் கூடச் சற்றுத் தள்ளி நின்று அவனைப் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'நீ அப்படிப்பட்டவன்தானே' என்று பழைய கணக்கையே பிரித்துக்கொண்டிருந்தால் அவன் எங்கே போவான்?

பணம் கேட்டு வந்த கூட்டாளி விஷயம் இன்னும் சிக்கலானது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவது தருமம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேட்டவர் கையில் கேட்டதையெல்லாம் வைப்பதுதான் தருமம் என்று அதற்குப் பொருள் செய்துகொண்டோம். பதியில் நாம் செய்யும் தருமத்தைப் பாருங்கள். அன்னம் வைக்கிறோம். பசித்து வந்தவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் நித்தப்பால் கொடுக்கிறோம். காசு எடுத்து நீட்டுவதில்லை. அன்பரே, அந்தக் கூட்டாளி பசி என்று வந்தால் வீட்டில் சோறு போடச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேறொருவர் மூலம் மருந்துக்கு வழி செய்யுங்கள். உங்கள் கையால் பணம் போக வேண்டாம், உங்கள் காலால் அவனோடு கடைவீதிக்கும் போக வேண்டாம். ஏன் இல்லை என்று சொன்னேன் என்பதற்கு நீண்ட விளக்கமும் வேண்டாம். விளக்கம் சொல்லச் சொல்ல அவன் பதில் சொல்வான். பதில் சொல்லச் சொல்ல நீங்கள் இளகுவீர்கள். "இல்லப்பா, முடியாது" என்றால் போதும். அன்றைக்குத் தூக்கம் வராதுதான். தூக்கம் வராததற்குக் காரணம் நீங்கள் செய்த பாவம் இல்லை. உங்கள் நரம்பு இன்னும் தேறவில்லை, அவ்வளவுதான்.

கடலுக்குப் போகிற நம் ஆட்களுக்கு இன்னொரு சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னுவதைத் தவிர வேலை இல்லை. கரையில் சீட்டாட்டம், வெயில் தாழ்ந்ததும் பாட்டில். குடியை விட்ட முதல் வருஷத்தில் தடைக்காலம் வருகிறவர், அது வருமுன்னரே அந்த 61 நாளுக்கும் என்ன வேலை, எங்கே தங்கல் என்று முடிவு செய்துவிட வேண்டும். உள்ளூரில் படகுத் துறைப் பக்கமே போகாமல் கட்டட வேலைக்குப் போனாலும் சரி, வேறு ஊரில் அக்கா வீட்டில் போய் இருந்தாலும் சரி. போனில் பழைய குழுக்கள் இருக்குமே, சாயங்காலம் ஆனதும் 'எங்கடா இருக்கே' என்று கேட்பவை, அவற்றிலிருந்தும் வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

வீட்டாருக்கும் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். 1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, கணவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுதான் எல்லாரும் டி.டி.கே. மருத்துவமனை என்று சொல்வது. அங்கே குடித்தவருக்கு மட்டும் சிகிச்சை இல்லை. மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியே பயிற்சி உண்டு. ஏனென்றால் பத்து வருஷம் குடிகாரரோடு வாழ்ந்த பெண்ணின் மனமும் நோயுற்றிருக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் வயிறு கலங்கும். அவன் விட்ட பிறகும் கலக்கம் போகாது. அதனால் வாயை மோந்து பார்ப்பாள், சட்டைப் பையைத் துழாவுவாள், பத்து நிமிஷம் தாமதம் ஆனால் இருபது முறை போன் செய்வாள். அவள் மேல் தப்பில்லை. ஆனால் அந்தக் காவல் அவளையும் தின்கிறது, அவனையும் தின்கிறது.

பெண்களே, நீங்கள் போட வேண்டிய எல்லை வேறு மாதிரியானது. அவன் குடித்துவிட்டு வந்தால் அன்று இரவு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இடம் எது என்று அவன் தெளிவாக இருக்கும்போதே சொல்லி வையுங்கள். அவனுடைய கடனுக்கு உங்கள் நகையைக் கொடுக்காதீர்கள். கடன்காரனிடம் 'அவர் ஊரில் இல்லை' என்று பொய் சொல்லாதீர்கள். முதலாளியிடம் 'காய்ச்சல்' என்றும் சொல்லாதீர்கள். கை நீட்டி அடித்தால், குடியை விட்டிருக்கிறானே என்று பொறுத்துக்கொள்ளவே வேண்டாம். சொன்ன எல்லையை ஒரு முறை காப்பாற்றாமல் விட்டால் அடுத்த முறை அதற்கு மதிப்பு இருக்காது. அதனால் காப்பாற்ற முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சோற்றில் கலந்து கொடுங்கள், அவருக்கே தெரியாமல் குடியை மறந்துவிடுவார் என்று பொடியும் சொட்டு மருந்தும் விற்கிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கிறது, பேருந்தில் நோட்டீசு கொடுக்கிறார்கள். வாங்காதீர்கள். மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்பிராம் என்ற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் இறங்கி, இதயம் வரை பாதிக்கலாம். அதனால்தான் நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள். தெரியாமல் சோற்றில் போட்டால், அவர் எங்கோ ஒரு கடையில் குடித்துச் சுருண்டு விழுவார். ராஜாவின் ஆட்கள் பாலில் நஞ்சு கலந்து கொடுத்தபோது அய்யா குடித்துவிட்டு அசையாமல் இருந்தார். நம் வீட்டுக்காரர் அய்யா அல்ல.

கடைசியாக நம்மைப் பற்றி. நாம், அதாவது நிழல் தாங்கலில் முன்னால் நிற்பவர்கள், குடியை விட்ட ஆளைப் பார்த்தவுடன் என்ன செய்கிறோம்? சந்தோஷத்தில் தலைகால் புரிவதில்லை. தலைப்பாகை கட்டி முன்னால் நிறுத்துகிறோம். 'அய்யா இவரைத் திருத்தினார், நீங்களே சொல்லுங்கள்' என்று மைக்கைக் கையில் கொடுக்கிறோம். அவர் பாவம், மனைவி பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தான் சாக்கடையில் கிடந்த கதையைச் சொல்ல வேண்டும். எல்லாரும் கை தட்டுவார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சறுக்கிவிட்டால், அந்தக் கை தட்டலை நினைத்தே தாங்கல் பக்கம் வர வெட்கப்படுவார். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கிய ஏ.ஏ. சங்கத்தில், பெயரை வெளியே சொல்லாமல் காப்பது சங்கத்தின் பெயரிலேயே இருக்கிறது. அங்கே பேசியதை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். நமக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை.

வேலைச் சுமையும் அப்படித்தான். கார்த்திகையில் திருஏடு வாசிப்புப் பதினேழு நாள். 'சும்மா இருந்தால்தானே குடி நினைப்பு வரும், இங்கே வேலை செய்யட்டும்' என்று பந்தல் முதல் பாத்திரம் வரை அவர் தலையில் வைக்கிறோம். இரவு காவலும் அவருக்கே. தூக்கம் கெட்டு, நேரத்துக்குச் சாப்பிடாமல், யார் மேலோ கோபப்பட்டு நிற்பார். பசி, கோபம், களைப்பு மூன்றையும் பணிவிடை என்ற பெயரில் நாமே கொடுத்திருப்போம். முதல் ஓராண்டுக்கு அவருக்கு இரவுப் பணி வேண்டாம். உண்டியல் கணக்கும் வேண்டாம். அவரை நம்பவில்லை என்பதற்காக அல்ல. அவர் தோளில் இப்போது வேறு பாரம் இருக்கிறது. அவருக்குப் பிடித்த ஒரு சின்ன வேலை, முற்றம் பெருக்குவதோ பதம் எடுத்து வைப்பதோ, நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகிற மாதிரி இருந்தால் போதும். 'இன்றைக்கு முடியாது' என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்காமல் இன்னொருவர் அந்த விளக்குமாற்றை எடுக்க வேண்டும்.

பள்ளியறையில் நம் முன்னால் கண்ணாடி இருக்கிறது. அதில் தெரிவது நம் முகம். குடியை விட்ட முதல் மாதங்களில் அந்தக் கண்ணாடி முன்னால் நிற்கவே சிலரால் முடிவதில்லை. தலை குனிந்துகொண்டே நாமம் இட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். போகட்டும். நிமிர்ந்து பார்க்க அவரவருக்கு ஒரு நாள் வரும். நாம் தாடையைப் பிடித்து நிமிர்த்த வேண்டாம்.

சறுக்கியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைத்து, அந்த ஒரு நாளையே ஒரு மாதமாக்கிக் கொள்கிறவர்கள் அதிகம். மறுநாள் காலையிலேயே மருத்துவரிடமும், நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள். எந்த எல்லையில் ஓட்டை விழுந்தது என்று பாருங்கள். சம்பள நாளா, அந்தப் பழைய நண்பனா, வீட்டுச் சண்டையா, தனியே இருந்த ஞாயிற்றுக்கிழமையா? ஓட்டை தெரிந்தால் அடைக்கலாம். மூன்று வேளையும் துவைக்கச் சொன்னவர் அய்யா. ஒரு தடவை துவைத்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

சோர்வு வாரக் கணக்கில் இறங்காமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதை யாரும் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. 14416 என்பது அரசின் டெலிமானஸ் எண். இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்று 14446 என்ற எண்ணும் இருக்கிறது. இந்த இரண்டையும் முற்றத்துத் தூணில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஓர் ஏற்பாடு. அடுத்த ஞாயிறு முதல் சாயங்காலப் படிப்புக்கு முன்பே ஒரு பாத்திரத்தில் கஞ்சி தனியே எடுத்து வைக்கப்படும். இருட்டுமுன் கடைவீதியைத் தாண்டி வீடு சேர வேண்டும் என்று நினைப்பவர் யாராக இருந்தாலும், வந்து வாங்கிக் குடித்துவிட்டுப் புறப்படலாம். படிப்பு முடியும் வரை இருக்கவில்லையே என்று யாரும் அவரைக் கேட்க வேண்டாம். எங்கே போகிறார் என்றும் கேட்க வேண்டாம்.

அய்யா உண்டு.